நல்ல தண்ணி என்ற சொல்

மூன்றாம் வருட விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது, கூடவே ஒரு வேலையையும் கொண்டு வந்திருந்தேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த நான், கிணற்றுத் தண்ணீர் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். அதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்துவது லேசாக இருக்கவில்லை.

"தமிழ் படிக்கிற புள்ளைக்குத் தண்ணிக்குள்ள என்ன வேல?" என்று கேட்டார்.

"ருசிக்கு ஆக்கள் சொல்ற பேர எழுதுற வேல வாப்பா."

அவர் உம்மாவைப் பார்த்தார். "அதுக்கும் ஒரு ஆள் வேணும்தானே" என்று சொல்லிவிட்டு உம்மா மீன் கழுவப் போய்விட்டார்.

போர் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. வெவ்வேறு பீடங்களில் படிக்கும் மாணவர்களை ஒரே கேள்வியின் கீழ்ச் சேர்த்து, ஒரு விரிவுரையாளரின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்ய விடும் திட்டம் ஒன்றை எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த தலைப்புகளில் ஒன்று கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகள் பற்றியது. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது உம்மாவும் வாப்பாவும் மன்னாரிலிருந்து வந்து குடியேறிய இடம் அந்தக் குடாநாட்டில், ஆலங்குடாவுக்குப் பக்கத்தில்தான். நான் பிறந்ததே அங்கேதான். விடுமுறை முழுக்க வீட்டில் இருந்துகொண்டே ஆராய்ச்சியும் செய்யலாம் என்ற ஒரே ஆசையில் விண்ணப்பித்தேன். தெரிவு செய்வார்கள் என்று நினைக்கவில்லை.

நேர்முகத்துக்குப் போனபோது கதிரையில் இருந்தவர் இரசாயனவியல் விரிவுரையாளர். நாற்பது வயது இருக்கும். சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழும் கதைப்பார். எல்லோரையும் போல நானும் அவரை மெடம் என்றுதான் கூப்பிட்டேன்.

"உங்கட ஊர்ல தண்ணி சரியில்ல எண்டா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல் சொன்னேன். உப்புக் கரித்தால் சவர்த் தண்ணி. கொஞ்சம் உப்பு, ஆனாலும் சமைக்கலாம் என்றால் சப்புத் தண்ணி. சவர்க்காரம் நுரைக்காவிட்டால் பாரமான தண்ணி. குடிக்கலாம் என்றால் நல்ல தண்ணி. மெடம் ஒவ்வொன்றையும் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, ஒரு வீட்டுப் பெண் சப்பு என்பதும் அடுத்த வீட்டுப் பெண் சப்பு என்பதும் ஒரே ருசிதானா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

"எனக்கும் தெரியாது" என்றார் மெடம். "கருவியால உப்பை அளக்கலாம். சொல்லை அளக்க ஆள் வேணும்."

அப்படித்தான் சேர்ந்தேன். எங்கள் குழுவில் மூன்று மாணவர்கள். இரசாயனவியல் படித்த நண்பனின் குடும்பம் போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வந்து முந்தலில் தங்கிவிட்டது. அவனுடைய அப்பா ஓர் இறால் பண்ணையில் வேலை செய்தார். புள்ளிவிபரவியல் படித்தவள் சிலாபம் பக்கத்துச் சிங்களத் தோழி. அவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். உம்மாவுக்கு அரைகுறைச் சிங்களம்தான். முதல் நாளே அவளைச் சிங்களத்தில் மகள் என்னும்படி "துவ" என்று கூப்பிடத் தொடங்கினார். அவளும் உம்மாவை "உம்மா" என்றே அழைத்தாள். நண்பன் ஒவ்வொரு நாளும் விடியவே முந்தலில் பஸ் ஏறி, பாலாவிச் சந்தியில் மாறி, தோளில் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்குவான். அது இறால் ஏற்றும் பெட்டி. எத்தனை தரம் கழுவினாலும் அதன் வாசம் போகவில்லை.

போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசிய பிறகே நிரப்ப வேண்டும், நிரப்புவதற்கு முன்பே இலக்கத்தை எழுதிவிட வேண்டும் என்று முதல் இரண்டு நாளும் கூடவே நின்று மெடம் பழக்கினார். பிறகு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். சில நாட்களுக்கு ஒரு தரம் தன் பழைய காரில் வந்து போத்தல்களை எடுத்துப் போவார். வரும்போதெல்லாம் நான் சொற்களை எழுதும் கொப்பியைத்தான் முதலில் கேட்பார்.

தோழி ஒரு விதி வைத்திருந்தாள். நான் வீட்டுக்காரரிடம் ருசியைக் கேட்டு எழுதி முடிக்கும் வரை நண்பன் கருவியைத் தண்ணீருக்குள் விடக்கூடாது. அவன் பார்த்த எண்ணை எனக்குக் காட்டவும் கூடாது. காட்டினால், என்னை அறியாமலே அந்த எண்ணுக்குப் பொருத்தமான சொல்லை ஆட்களிடமிருந்து வரவழைத்துவிடுவேன் என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, ஒரு பெண் பதில் சொல்லுமுன்பே, "சவர்தானே?" என்று நான் கேட்டதை நானே காதால் கேட்டேன். அதற்குப் பிறகு விதியை மீறவில்லை.

இரண்டாவது கிழமையில்தான் அந்த மாமியின் வீட்டுக்குப் போனோம். வெங்காயத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த ஒரு குடியிருப்பு. மாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மன்னாரிலிருந்து புது மணப்பெண்ணாக வந்தவர். தோட்டத்தில் கூலி வேலை செய்தார். கணவர் சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துவிட்டார். வீட்டில் மாமியும், மகளும், மகளின் மூன்று மாதக் குழந்தையும். மருமகன் கண்டக்குழியில் மீன்பிடிப் படகுக்குப் போகிறவர்.

வேலியடியில் நின்ற எங்களை மாமி உள்ளே கூப்பிடவில்லை.

"எங்களப் பத்தி எழுதாத ஆள் இல்ல. எங்கிருந்து வந்த, எத்தன பேர், என்ன சாப்பிடுற எண்டெல்லாம் எழுதிட்டுப் போறாங்க. போனவங்க போனவங்கதான். என்ன எழுதின எண்டு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல."

"நாங்க வந்து சொல்லுவோம் மாமி" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அனுமதி தரவில்லை. நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மாமியும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் இன்னாருடைய மகள் என்று சொன்னதும் முகம் சற்று இளகியது. "வாங்க மகள்" என்று கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் மாமியின் குரலே மாறிவிட்டது. வந்த புதிதில், ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், கணவர் ஒரு மண்வெட்டியோடு தனியாகத் தோண்டிய கிணறு. முதல் இரண்டு இடத்தில் சவர். மூன்றாவதாகத் தோண்டிய இடத்தில் ஊறிய தண்ணீரை அள்ளி மாமியின் வாயில் ஊற்றி, "எப்படி இரிக்கி?" என்று கேட்டாராம். "நல்ல தண்ணி" என்று மாமி சொன்னதும் மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாராம். அன்றிலிருந்து சுற்றியிருந்த வீட்டுக்காரர் எல்லோரும் குடிக்க அங்கேதான் அள்ளினார்கள்.

மாமி எனக்கும் ஒரு கோப்பையில் தந்தார். நான் குடித்ததிலேயே ருசியான தண்ணீர் அது. கொப்பியில் 'நல்ல தண்ணி' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

மாமியின் மகள் குழந்தையைத் தோளில் போட்டபடி நின்றாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கடுமையான காய்ச்சல் கண்டு, தாய்ப்பால் வற்றிவிட்டதால் மாப்பால்தான் கரைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். கிளினிக்கில் சொன்னபடி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே கரைப்பதாகவும் சொன்னாள். அதை நான் கொப்பியில் எழுதவில்லை. என் அட்டவணையில் ருசிக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

விடுமுறை முடிந்ததும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மூன்று பேரின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தோழி என் சொற்களைக் கணினியில் ஏற்றி, நண்பனின் உப்பு அளவுகளோடு பொருத்திப் பார்த்தாள். பெண்கள் சவர் என்ற இடத்தில் கருவியும் சவர் என்றது. சப்பு என்ற கிணறுகள் எல்லாம் நடுவில் வந்து நின்றன.

"நீர் எழுதின சொல்லும் என்ர மெஷினும் ஒண்டைத்தான் சொல்லுது" என்றான் நண்பன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டு வருடமாக, தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்தவள் நான். தண்ணீரை நாக்கால் அளந்து, அளந்ததற்குப் பேரும் வைத்திருந்த எங்கள் பெண்களை நினைக்கப் பெருமையாக இருந்தது.

அடுத்த கிழமை நண்பன் நைத்திரேற்றுப் பரிசோதனையைத் தொடங்கினான். தோட்டத்துக்குப் போடும் உரம் மணலுக்குள் இறங்கிக் கிணற்றில் கலந்தால் தெரிவது அதுதான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவன் என்னைக் கூப்பிட்டு ஓர் எண்ணைக் காட்டினான். அதுவரை அளந்ததில் மிகக் கூடிய அளவு. போத்தலின் இலக்கத்தைக் கொப்பியில் தேடினேன். அடியில் கோடு போட்ட 'நல்ல தண்ணி'.

"பெரிய ஆக்களை உடனே ஒண்டும் செய்யாது" என்றான். "ஆனா கைக்குழந்தைக்குக் குடுக்கக் கூடாது. இரத்தத்தில ஒட்சிசன் குறைஞ்சு நீலம் பாரிச்சுப் போகும். கொதிக்க வைச்சாலும் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்."

மெடம் வந்து தாளைப் பார்த்தார். போத்தலின் இலக்கத்தை இன்னொரு தரம் சரிபார்த்தார். "ஒரு தரம் செய்ததை வைத்துச் சொல்ல முடியாது. நாளைக் காலையில் திருப்பிச் செய்வோம். பிறகு நாங்களே போய்ச் சொல்வோம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

நான் தலையாட்டினேன். ஆனால் நாளை வரை அந்தக் குழந்தை எத்தனை தரம் பால் குடிக்கும் என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. வெளியே நடைபாதைக்கு வந்து உம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"உம்மா, வெங்காயத் தோட்டத்துக்கு அங்கால இரிக்கிற அந்த மாமி வீட்ட போங்க. அவங்கட கிணத்துத் தண்ணியப் புள்ளைக்குக் குடுக்க வேணாம் எண்டு சொல்லுங்க."

"ஏன் மகள்?"

"அது புள்ளைக்கு நஞ்சு உம்மா."

உம்மா போகும் வழியிலேயே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு பேரும் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். 'புள்ளைக்கு' என்ற சொல் எங்கேயோ உதிர்ந்துபோனது. அடுத்த நாள் பரிசோதனை அதே விடையைத் தந்தது. சுற்றியிருந்த மூன்று கிணறுகளிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதை உம்மாவிடம் சொல்ல ஃபோன் எடுத்தபோது அவருடைய குரல் சரியில்லை. குழந்தைக்குப் பள்ளிவாசல் தாங்கியிலிருந்து, மெஷினில் சுத்திகரித்த தண்ணீர் எடுக்கிறார்கள், அது நடந்துவிட்டது. ஆனால் மாமியின் கிணற்றுக்கு யாரும் வருவதில்லை. யாரோ அதன் மேல் பலகையைப் போட்டு மூடிவிட்டார்கள். அயலில் ஒரு பெண் மாமியின் முகத்துக்கு நேரே, கணவரின் மரணத்தையும் இழுத்து, "உங்கட ஆள் மௌத்தானதும் இந்தத் தண்ணியாலதானோ?" என்று கேட்டுவிட்டாளாம். மாமி அன்று வேலைக்குப் போகவில்லை.

மெடத்தின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன சொல் சொன்னாய்?"

"நஞ்சு."

திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

"இரு" என்று கதிரையைக் காட்டினார். "குழந்தை பற்றி உடனே சொன்னதற்கு நான் கோபிக்க மாட்டேன். பொறு என்று உன்னிடம் சொன்னேன். அந்த ஒரு நாள் குழந்தைக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. அது என் பிழை. ஆனால் நீ சொற்களுக்காக வந்தவள். என்னைவிட நீதான் கவனமாக இருந்திருக்க வேண்டும்."

எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து வந்து என் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார். பிறகு, "நாளைக்குப் போவோம். நாலு பேரும். கதைப்பது நீதான்" என்றார்.

போகும் வழியெல்லாம் காருக்குள் இருந்து நண்பனும் தோழியும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். நண்பன் இரசாயனத்தைச் சொல்வான், நான் அதை உம்மாவுக்குச் சொல்வதுபோல் திருப்பிச் சொல்வேன். விளங்காத இடத்தில் தோழி நிறுத்துவாள். நுரைச்சோலையைத் தாண்டும்போது எனக்கு வசனங்கள் ஓரளவு பிடிபட்டிருந்தன. மாமியின் வேலியைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது.

மாமி வாசலில் நின்றார்.

"என்ட கிணத்த நஞ்செண்டு சொன்னது நீங்கதானா?"

"ஓம் மாமி. நான்தான். அந்தச் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது. அது என்ட பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

மாமி எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. மகள்தான் நான்கு கதிரைகளைக் கொண்டு வந்து மாமரத்தின் கீழ் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். வெங்காயத்துக்குப் போடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மீதி மணலுக்குள் இறங்குகிறது, மழையும் தோட்டத்துக்கு இறைக்கும் தண்ணீரும் அதைக் கீழே தள்ளுகின்றன, கிணற்றில் ஊறும் தண்ணீரோடு அதுவும் ஊறுகிறது, பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது, கைக்குழந்தைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கொடுக்க வேண்டாம் என்று.

"நான் கொதிக்க வச்சுத்தானே குடுத்தன்" என்றாள் மகள். குரல் உடைந்தது. "ஒவ்வொரு தரமும் கொதிக்க வச்சுத்தானே குடுத்தன்."

மெடம் எழுந்து அவளருகே போனார். "தங்கச்சி, நீங்க செய்தது எல்லாம் சரி. கிளினிக்கில சொன்னதத்தான் செய்தீங்க. இது கண்ணுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது. எனக்கே மெஷின் சொல்லித்தான் தெரியும்." குழந்தையின் நகங்களையும் உதடுகளையும் பார்த்தார். நல்ல சிவப்பாக இருந்தன. ஆனாலும் கிளினிக்கில் ஒரு தரம் காட்டச் சொன்னார்.

மாமி கிணற்றைப் பார்த்தபடி கேட்டார். "சுத்தி இரிக்கிற கிணறெல்லாம் எப்படி?"

"அதுகளும் இப்பிடித்தான் அம்மா" என்றான் நண்பன். "உங்கட கிணறு மட்டுமில்லை."

"அப்ப ஏன் என்ட கிணத்துக்கு மட்டும் பலக போட்டிரிக்கி?"

நண்பன் எல்லாக் கிணறுகளின் அளவும் எழுதிய தாளைப் பையிலிருந்து எடுத்தான்.

"எனக்குச் சொன்னத அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார் மாமி. "இங்கயே வச்சுச் சொல்லுங்க."

மகளை அனுப்பி அயல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். பெண்கள்தான் அதிகம், சில ஆண்களும் வந்தார்கள். கணவரின் மரணத்தைப் பற்றிக் கேட்ட பெண்ணும் வந்து பின்னால் நின்றாள். மாமியும் நண்பனுமாகப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்கள். நான் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றியபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொன்னேன். இந்தக் கிணறு தோண்டிய காலத்தில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்திருக்கும், தோட்டங்கள் பெருகிய பிறகே இப்படி ஆகியிருக்கும் என்று மெடம் சேர்த்துச் சொன்னார். தன் கிணற்றையும் பார்த்தீர்களா என்று கேட்டவர்களுக்கு நண்பன் தாளைக் காட்டினான். பார்த்தவர்கள் போய் ஓரமாக நின்றார்கள். பின்னால் நின்ற பெண்ணும் பார்த்தாள். பிறகு மாமியின் பக்கத்தில் வந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். மாமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப உரமே போட வேணாமா?" என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார்.

"அதுக்கு என்ட கிட்ட பதில் இல்ல" என்றார் மெடம். "தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாறன்."

அவர் அதைச் செய்தார். அடுத்த வருடக் குழுவில் விவசாய பீடத்து மாணவி ஒருத்தி இருந்தாள். எவ்வளவு உரம் போதும், எந்த நேரத்தில் போட்டால் வீணாகாது என்பதை அந்தத் தோட்டக்காரரின் காணியிலேயே ஒரு போகம் செய்து பார்த்தாள்.

எங்கள் கட்டுரையை நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதினோம். பெண்கள் சொன்ன சொற்களைப் பட்டியலாகக் கொடுத்தேன். உப்பு, கனம், மணம், நிறம் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. நைத்திரேற்று என்ற நிரலின் கீழ் என் இடம் வெறுமையாக இருந்தது. அதை எப்படி நிரப்புவது என்று மெடத்திடம் கேட்டேன். அப்படியே விடச் சொன்னார். பல்கலைக்கழக அரங்கில் அதை நான் வாசித்தபோது, வெறுமையான அந்த இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேள்வி கேட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். தமிழை நான் எழுதினேன், உம்மாவிடம் வாசித்துக் காட்டி அவர் நெற்றியைச் சுருக்கிய இடங்களை எல்லாம் மாற்றினேன். மாமியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். மாமி தாளை வாங்கி, என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். இடம்பெயர்ந்தோர் பதிவும், பழைய கூப்பன் அட்டையும், கணவரின் மரணச் சான்றிதழும் அதற்குள் இருந்தன. எங்கள் தாளை நான்காக மடித்து அவற்றோடு வைத்தார்.

"இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். முதல் தரமாக எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டிருந்தார். தேத்தண்ணி ஊற்ற மாமியும் மகளும் குசினிக்குள் போனபோது குழந்தையைத் தோழியின் மடியில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது அவளுடைய விரல் ஒன்றைப் பிடித்தபடி தூங்கிவிட்டது. நண்பன் மணிக்கூட்டைப் பார்த்து, பாலாவி பஸ் வரப் போகிறது என்று கிசுகிசுத்தான். தோழி அசையவில்லை. தூக்கிக் கொடுத்தால் எழும்பிவிடும் என்று கண்ணாலேயே சொன்னாள். தெருவில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. மாமி எட்டிப் பார்த்து, "அது போனா இன்னொண்டு வரும்" என்று சொல்லிவிட்டு பாணும் தொட்டுக்கொள்ள மீன் ஆணமும் எடுத்து வரத் திரும்பிப் போனார்.